பல் போனால் எலும்பும் போகுமா?

என் இடது கீழ்த்தாடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. நாக்குக்கு வேலை இல்லாதபோதெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கடைவாய்ப் பல் இருந்தது. பிடுங்கிய அன்று பஞ்சைக் கடித்தபடி வீட்டுக்கு வந்தேன். இரண்டு வாரத்தில் புண் ஆறியது. கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். இன்று கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் ஈறைப் பிடித்து மெல்ல நகர்த்தினால், முன்கடைவாய்ப் பல்லின் அடியில் தடித்து நிற்கும் மேடு, பல் போன இடத்துக்கு வந்ததும் கத்தி முதுகுபோல மெலிந்துவிடுகிறது. கன்னப் பக்கம் உள்வாங்கிக் கிடக்கிறது. ஒருநாள்கூட வலித்ததில்லை. எலும்பு சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறது.

இப்போது மேல் முன்பல் ஒன்றின் வேரில் நெடுக விரிசல். காப்பாற்ற வழியில்லை என்று இரண்டு மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். இந்த முறை பிடுங்கும் தேதியைக் கேட்பதற்கு முன் வேறொன்றைக் கேட்டேன்: “பிடுங்கிய பிறகு குழியை என்ன செய்வீர்கள்?” ஒரு கேள்விக்கு ஐந்தாறு பதில்கள் வந்தன. அவற்றை ஒப்பிட்டுப் பார்த்த கணக்குதான் இது. நான் பல் மருத்துவன் அல்லன், பல்லை இழக்கப்போகிறவன்.

எலும்பு ஏன் கரைகிறது என்பது புரியாமல் எந்த வழியையும் எடைபோட முடியாது. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. பல்லைத் தாங்குவதும் கடிக்கும்போது மெத்தைபோல் விட்டுக்கொடுப்பதும் அதுதான். குழியின் உட்பூச்சுபோல் அமைந்த மெல்லிய எலும்பு அந்த நார்களைப் பற்றிக்கொண்டு, அவற்றோடு வரும் ரத்தக்குழாய்களை நம்பிப் பிழைக்கிறது. பல்லைப் பிடுங்கினால் நார்ப்படலமும் போய்விடும். அந்த எலும்புக்கு வேலையும் இல்லை, சோறும் இல்லை. சில வாரங்களில் உடல் அதைத் தானே கலைத்துவிடுகிறது.

உள்பக்கச் சுவர், அதாவது அண்ணத்தை அல்லது நாக்கைப் பார்த்த சுவர், பொதுவாகத் தடிமனானது, பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். உதட்டுப் பக்கச் சுவர்தான் பாவம். மேல் முன்பற்களில் அது பலருக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முட்டை ஓட்டைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவே. அதில் ஏறக்குறைய முழுவதும் பல்லை நம்பிய எலும்பு என்பதால், பல்லோடு சுவரும் சரிகிறது. மேடு உள்நோக்கி ஒதுங்குவதற்குக் காரணம் இதுதான்.

எவ்வளவு போகும்? 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 46 பேரின் கடைவாய், முன்கடைவாய்ப் பல் குழிகளை ஓராண்டு அளந்தார்கள். 12 மில்லிமீட்டர் அகலமிருந்த மேடு சராசரியாக 6 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டது. அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நடந்து முடிந்தது. மேல் முன்பற்களைப் பற்றி 2013இல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் கறாரானது. உதட்டுப் பக்கச் சுவர் ஒரு மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களுக்கு எட்டே வாரத்தில் சுவரின் நடுப்பகுதி உயரத்தில் 7.5 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. சுவர் தடித்திருந்தவர்களுக்கு 1.1 மில்லிமீட்டர்தான். ஒரே இடத்துப் பல், ஒரே வைத்தியம். சுவரின் தடிமன் மட்டுமே இவ்வளவு வித்தியாசத்தைத் தருகிறது. ‘எல்லோருக்கும் குழியில் எலும்புப் பொடி வைக்க வேண்டும்’ என்பவரையும் ‘யாருக்கும் வேண்டாம்’ என்பவரையும் நான் நம்பாமல் போனது இந்த இரண்டு எண்களைப் பார்த்த பிறகுதான்.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் விடுவது. இதை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. குழியில் ரத்தம் உறைகிறது, உறைந்த ரத்தம் சதையாகிறது, சதை மெல்ல எலும்பாகிறது. மூன்று நான்கு மாதங்களில் குழி தானாகவே நிரம்பிவிடும். குழிக்குள் எலும்பு வளராது என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே நன்றாகவே வளர்கிறது, வெளியேதான் சுருங்குகிறது. ஞானப்பல்லுக்கு இந்த வழியே பொதுவாகப் போதும். அங்கே யாரும் புதுப்பல் வைக்கப்போவதில்லை. நான்கு சுவரும் தடித்து நிற்கும் கடைவாய்க் குழிக்கும், இரண்டு மூன்று மாதத்தில் இம்பிளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்க எலும்புக்குள் பதிக்கும் டைட்டானியத் திருகு) வைத்துவிடுவது உறுதி என்றால், பல நேரம் இதுவே சரி. ஆறடி அகலச் சாலையில் ஓரடி போனாலும் வண்டி ஓடும். ஆபத்து தள்ளிப்போடுவதில் இருக்கிறது. ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லிவிட்டுப் பதினோரு ஆண்டு கழித்து விரலால் தடவிப் பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு இந்த வழி ஆகாது.

இன்னொரு தவறான நம்பிக்கையும் உண்டு: பிரிட்ஜ் போட்டுவிட்டால் எலும்பு நின்றுவிடும் என்பது. நிற்காது. பிரிட்ஜ் இரண்டு பக்கத்துப் பற்களில் தொற்றி நிற்கிறது; நடுவில் தொங்கும் பல்லுக்குக் கீழே எலும்பு தன் போக்கில் குறையும். பின்வாயில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. முன்வாயில், ஓரிரு ஆண்டில், செயற்கைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி எட்டிப் பார்க்கும். சிரிக்கும்போது ஈறு தெரியும் வாயாக இருந்தால், பிரிட்ஜ் போடப்போகிறவரும் குழியைப் பற்றிக் கேட்பது நல்லது.

இரண்டாவது, குழியை நிரப்புவது. ‘எலும்புப் பொடி’ என்று சொன்னாலும் அது பொடியாக இருப்பதில்லை. கல்லுப்புக்கும் ரவைக்கும் இடைப்பட்ட துகள்கள். உப்புநீரிலோ நோயாளியின் ரத்தத்திலோ நனைத்துக் குழிக்குள் இறுக்கமில்லாமல் நிரப்பி, மேலே கொலாஜன் என்ற புரதத்தாலான சவ்வு ஒன்றை மூடி, குறுக்கே தையல் போடுகிறார்கள். துகள் தானாக எலும்பாக மாறுவதில்லை. கொடிக்குப் பந்தல் போட்டதுபோல, உடலின் எலும்பு ஏறிப் படர அது இடம் தருகிறது. சுவர் சரிந்தாலும் மேடு முழுதாக அமுங்கிவிடாமல் முட்டுக்கொடுக்கிறது. முதல் சில நாட்களில் மணல்போல் ஓரிரு துகள் நாக்கில் தட்டுப்படும். அதற்குப் பதற வேண்டாம் என்கிறார்கள். கைப்பிடியாக வந்தால்தான் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

துகள் எதிலிருந்து வந்தது என்று கேட்டுவிடுங்கள். மாட்டெலும்பிலிருந்து புரதத்தை நீக்கிச் செய்தது, இறந்த மனிதரின் கொடையிலிருந்து பதப்படுத்தியது, கால்சியம் பாஸ்பேட் வகையில் செயற்கையாகச் செய்தது, நோயாளியின் தாடையிலிருந்தே சுரண்டி எடுத்தது என நான்கு குலம் உண்டு. மேலே மூடும் சவ்வு பன்றி அல்லது மாட்டின் கொலாஜனாக இருப்பது சாதாரணம். இதில் மனத்தடை உள்ளவர்கள் நாற்காலியில் சாய்ந்த பிறகு கேட்பதைவிட முன்பே கேட்டுச் செயற்கை வகைக்குப் போய்விடலாம். குணத்திலும் வேறுபாடு உண்டு. மாட்டெலும்புத் துகள் மிக மெதுவாகத்தான் கரையும். பல ஆண்டு கழித்தும் உள்ளேயே இருக்கும். வடிவத்தைக் காப்பாற்ற அது நல்லது. சில செயற்கை வகைகள் சீக்கிரம் கரைந்து இடத்தை உடலின் எலும்புக்கு விட்டுவிடும். ஆனால் அவசரப்பட்டுக் கரைந்தால் முட்டுக்கொடுக்க ஆள் இருக்காது.

எவ்வளவு மிஞ்சும் என்பதில்தான் விளம்பரமும் ஆய்வும் பிரிகின்றன. நிரப்பினாலும் மேடு சுருங்கும், குறைவாகச் சுருங்கும். நிரப்பாத குழியோடு ஒப்பிட்டால் அகலத்திலும் உயரத்திலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை மிஞ்சுகிறது என்பதுதான் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்லும் அளவு. அந்த ஆய்வுகளின் தரம் குறைவு என்பதையும் அவர்களே ஒளிக்காமல் எழுதுகிறார்கள். ‘இரண்டு மில்லிமீட்டருக்கு இத்தனை பாடா?’ என்று நானும் கேட்டேன். நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள இம்பிளான்ட்டைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் எலும்பு வேண்டும். ஆக ஏழெட்டு மில்லிமீட்டர் அகலம். ஆறு இருப்பவருக்கும் எட்டு இருப்பவருக்கும் நடுவே உள்ள அந்த இரண்டு மில்லிமீட்டர்தான், பின்னாளில் இன்னோர் அறுவை தேவையா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. மேல் கடைவாயில் இன்னொரு தொல்லை: வேருக்கு மேலேயே கன்னத்துக் காற்றறை இருக்கிறது. பல் போனதும் அதன் தரை கீழே இறங்கலாம். எலும்பு கீழிருந்தும் மேலிருந்தும் குறையும்.

இதற்குக் கொடுக்கும் விலை காலம். நிரப்பிய குழி இம்பிளான்ட்டுக்குத் தயாராக நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். சீழ் கட்டிய குழியில் உடனே நிரப்பத் தயங்குவார்கள். தயங்குகிற மருத்துவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு வழியைச் சொல்லும்போது எல்லோர் குரலிலும் ஓர் உற்சாகம் வந்துவிடுகிறது: சொந்த ரத்தத்தை வைத்து மூடுவது. கையிலிருந்து சில குழாய் ரத்தம் எடுத்துச் சுழற்று இயந்திரத்தில் சுற்றுவார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்க, நடுவில் வெளிர்மஞ்சளாக இளம் தேங்காய் வழுக்கைபோல ஒரு கட்டி திரளும். ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரின் நார் வலையும் பிளேட்லெட்டுகளும், கூடவே வெள்ளணுக்களும் அடங்கிய அதை அமுக்கித் தகடாக்கியோ அப்படியே சுருட்டியோ குழிக்குள் வைப்பார்கள். பிரான்ஸில் 2001 வாக்கில் வந்த முறை. வெளிப்பொருள் எதுவும் கலக்காததால் ஒவ்வாமை பயம் இல்லை. ஈறு சீக்கிரம் மூடுகிறது, வலி குறைகிறது என்பதை ஏற்கலாம். ஆனால் மேட்டின் அகலத்தைக் காப்பதில் துகளுக்கு நிகர் என்று அதைத் தூக்கிப் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. மென்மையான கட்டி சுவருக்கு எப்படி முட்டுக்கொடுக்கும்? துகளோடு கலந்து வைப்பது வேறு விஷயம்.

நான்காவது, பிடுங்கிய கையோடு இம்பிளான்ட். ஓர் அறுவை, ஒரு மயக்க ஊசி, சில வேளைகளில் அன்றே தற்காலிகப் பல்லோடு வீடு திரும்பலாம். எனக்கு இதில்தான் முதலில் ஆசை விழுந்தது. ‘இம்பிளான்ட் உள்ளே இருந்தால் எலும்பு கரையாது’ என்றும் ஒருவர் உறுதியாகச் சொன்னார். அது தவறு. 2000களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் யான் லிண்டே குழுவினர் இதைச் சோதித்தார்கள். உடனடியாக இம்பிளான்ட் வைத்த 18 பேரை நான்கு மாதம் கழித்துத் திறந்து அளந்தபோது, கன்னப் பக்க எலும்பில் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. காரணம் மேலே சொன்னதேதான்: போனது நார்ப்படலம், டைட்டானியத்தில் நார்ப்படலம் கிடையாது. அதனால் இப்போது உடனடி இம்பிளான்ட் வைப்பவர்கள் அதைச் சற்று உள்பக்கமாக வைத்து, உதட்டுப் பக்க இடைவெளியைத் துகளால் நிரப்புகிறார்கள். சுவர் உடையாமல், ஈறு தடித்து, வேருக்கு அப்பால் இம்பிளான்ட் கடித்து நிற்க எலும்பு இருந்தால் இது அருமையான வழி. இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் ஈறு ஏறி, உலோகத்தின் சாம்பல் நிழல் தெரியும். முன்பல்லில் அதைச் சரிசெய்வது முதலில் வைப்பதைவிடப் பெரிய பாடு.

இந்தத் தர்க்கத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். நார்ப்படலம்தான் எலும்பைக் காக்கிறது என்றால், அதை ஏன் முழுதாகப் பிடுங்க வேண்டும்? 2010இல் ஹூர்செலர் குழுவினர் வெளியிட்ட முறையில், வேரை நெடுக்காகப் பிளந்து உதட்டுப் பக்கச் சில்லு ஒன்றை மட்டும் நாருடன் குழிச்சுவரில் விட்டுவிட்டு, அதன் பின்னால் இம்பிளான்ட்டை வைக்கிறார்கள். நான் படித்தவற்றிலேயே அழகான யோசனை இதுதான். பழகிய கை வேண்டும். சில்லு ஆடினாலோ கிருமி புகுந்தாலோ எல்லாம் பாழ். என் வேரில் விரிசல் உதட்டுப் பக்கமே ஓடுவதால், மருத்துவர் படத்தைப் பார்த்ததும் தலையசைத்து இதை ஒதுக்கிவிட்டார்.

வேரைக் காப்பது என்ற யோசனைக்கு இன்னும் எளிய, பழைய வடிவங்கள் உண்டு. அவை பேசப்படாமல் போவதுதான் எனக்கு வருத்தம். எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டு முழு பல்செட் போடப்போகிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பத்தியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். பல்செட் போட்டவர்களை 25 ஆண்டு வரை தொடர்ந்த, 1972இல் வெளியான ஆய்வில், எலும்பு ஆண்டுக்கணக்கில் தேய்ந்துகொண்டே போனது. கீழ்த்தாடையில் மேல்தாடையைப்போல் நான்கு மடங்கு. கீழ் பல்செட் நாளாக ஆக ஆடுவதும் நழுவுவதும் இதனால்தான். 1978இல் வந்த இன்னோர் ஆய்வில் கீழ்க் கோரைப்பற்கள் இரண்டின் வேரை மட்டும் விட்டுவைத்து, அவற்றின் மேல் பல்செட்டை உட்காரவைத்தார்கள். ஐந்தாண்டில் கீழ்த்தாடை முன்பகுதியின் உயரம் அவர்களுக்கு 0.6 மில்லிமீட்டர் குறைந்தது. எல்லாப் பல்லையும் எடுத்தவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். இரண்டு வேர்! ரூட் கேனால் செய்து ஈறு மட்டத்துக்கு வெட்டிவிட்டால் போதும். சுத்தமாகத் துலக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் அவையும் சொத்தையாகும். ‘எப்படியும் எல்லாம் போகப்போகிறது, மொத்தமாக எடுத்துவிடலாம்’ என்று சொல்லும் முன் அந்த இரண்டு வேர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில் நஷ்டமில்லை.

பிள்ளைகள் விஷயமும் அப்படியே. விழுந்து அடிபட்ட முன்பல் எலும்போடு ஒட்டிக்கொண்டால், வளரும் தாடையில் அது மட்டும் கீழே போகாமல் குட்டையாக நின்றுவிடும். இம்பிளான்ட்டோ வளர்ச்சி முடியும்வரை வைக்கக் கூடாது. அந்தப் பல்லைத் தோண்டி எடுத்தால் எலும்பும் பெயர்ந்து வரும். 1984இல் ஸ்வீடனில் மால்ம்கிரென் குழுவினர் சொன்ன தீர்வு, மேல்பகுதியை மட்டும் வெட்டி நீக்கி, வேரை எலும்புக்குள்ளேயே விட்டு ஈறால் மூடிவிடுவது. வேர் மெல்ல எலும்பாக மாறும்; மேடு அகலத்தோடு காத்திருக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு, எந்த வழியாக இருந்தாலும் முதல் பாதுகாப்பு பிடுங்கும் கையில் இருக்கிறது. கொறடை வைத்து அசைத்து இழுத்தால் மெல்லிய சுவர் பல்லோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம். கடைவாய்ப் பல்லை வேர்வேராக வெட்டிப் பிரித்து எடுப்பது, ஈறைக் கிழித்துத் திறக்காமல் மெல்லிய தகடு போன்ற கருவியால் நார்களை அறுத்துத் தளர்த்துவது, இவற்றுக்குக் கூடுதலாக அரைமணி ஆகும். அந்த அரைமணி எந்தத் துகளைவிடவும் மதிப்புள்ளது. ‘எத்தனை நிமிஷத்தில் எடுத்துவிடுவீர்கள்?’ என்று கேட்டு மருத்துவரை அவசரப்படுத்துவதை நான் இப்போது விட்டுவிட்டேன். பிடுங்கிய பின் புகைப்பவர்களுக்கு உறைந்த ரத்தம் கலைந்து மூன்றாம் நாள் கடும் வலி வரும் வாய்ப்பு அதிகம். துகளும் சரியாகப் பிடிக்காது. எலும்புத் தேய்வுக்கோ எலும்பில் பரவிய புற்றுநோய்க்கோ மருந்து எடுப்பவர்கள், தாடைப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்கள், இதையெல்லாம் பிடுங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குக் குழி ஆறுவதே பிரச்சினையாகலாம். எலும்பைக் காக்கும் பேச்சு பிறகு. மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

என் தீர்மானம் சிடி ஸ்கேனைப் பார்த்ததும் ஏறக்குறைய தானாகவே ஆனது. உதட்டுப் பக்கச் சுவர் மெல்லியது. விரிசல் ஓடிய இடத்தில் அதிலேயே ஒரு சந்து விழுந்திருந்தது. உடனடி இம்பிளான்ட் இல்லை, சில்லு முறை இல்லை, சும்மா விட்டால் எட்டு வாரத்தில் பள்ளம். மெதுவாகக் கரையும் துகள், மேலே சவ்வு, ஐந்து மாதம் பொறுத்து இம்பிளான்ட். அதுவரை கழற்றி மாட்டும் ஒற்றைப் பல். அது ஈறை அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

கிளம்பும்போது பழைய பள்ளத்தையும் காட்டினேன். அங்கே இம்பிளான்ட் வேண்டுமென்றால் முதலில் எலும்பு ஒட்டு வைத்து அகலப்படுத்த வேண்டும், அதற்கு ஓர் அறுவை, அது ஆறப் பல மாதங்கள் என்றார். மேல் பல் சற்று இறங்கியிருக்கிறது, அதையும் கொஞ்சம் சீவ வேண்டும். “சாப்பிடத் தொந்தரவு இருக்கிறதா?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். இல்லை. பதினோரு ஆண்டாக வலது பக்கமே மென்று பழகிவிட்டது. “அப்படியானால் விட்டுவிடுங்கள்” என்றார். விட்டுவிட்டேன்.